மாப்பிள்ளைத் திண்டு

கடல் தாண்டிப் போய் ஒரு கீறல்கூட விழாமல் கரையேறிய தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அது கிளம்புவதற்கு முன்னால் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தட்டின் மேல் உட்காருவதில் என்ன பெருமை என்கிறார்கள். பெருமைதான். ஏற்காட்டு ஏரியில் படகு விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பீங்கான் தட்டின் மேல் உட்கார்ந்து, அதை உடைக்காமல் எழுந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் இரண்டு பேருக்குத் தாங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே தெரியாது. தெரிந்து உட்கார்ந்தவள் நான் மட்டும்தான்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு ஏற்காடு மலையில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எழுபதுகளின் நடுவில், நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது, அக்காவுக்குப் பினாங்கிலிருந்து மாப்பிள்ளை வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சேலம்தான் பூர்வீகம். பினாங்குக்குப் போய்க் கடை வைத்து, இரண்டு தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். கல்யாணத்துக்காகக் கப்பலேறி வந்திருந்தார்கள். முடிந்ததும் அக்காவையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறுவதாக ஏற்பாடு.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அதற்குச் சஹன் என்று பெயர். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்படி அகலமாக, வட்டமாக, நடுவில் கொஞ்சம் குழிந்து இருக்கும். எங்களுடையது வெள்ளைப் பீங்கான், விளிம்பெல்லாம் நீலப் பூ. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா, அக்கா, நான் மூவரும் அதில் உட்காருவோம். எனக்கு அந்தத் தட்டின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. நடுவில் வைக்கும் கறித்துண்டு ஒருநாளும் என் பக்கம் வராது. எப்படியோ உருண்டு அக்கா பக்கம் போய்விடும். சஹன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று நான் பலமுறை புகார் செய்திருக்கிறேன். யாரும் விசாரிக்கவில்லை.

நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் தாயார், அதாவது எங்கள் சம்பந்தியம்மா, சீர் சாமான்களைப் பற்றிப் பேசினார். நல்ல மனுஷி, ஆனால் மனதில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்.

“பீங்கான், கண்ணாடி ஒண்ணும் கட்டிடாதீங்க. எங்க அண்ணன் மருமக ஒரு பெட்டி நெறையக் கொண்டாந்துச்சு. தொறந்தா வெறும் ஓடு. வந்த அன்னிக்கே உடைசலை அள்ளிக் கொட்டுன பொண்ணுன்னு இன்னிக்கும் அதுக்குப் பேரு” என்றார். பிறகு, அலமாரியில் இருந்த சஹனைப் பார்த்துவிட்டு, “அங்க இந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போச்சுங்க. ஆளுக்கொரு தட்டு. கடையில இருந்து வர்றவங்க வர்ற நேரத்துக்குச் சாப்பிடுவாங்க. மருமக எல்லாருக்கும் எடுத்து வெச்சுட்டு, கடைசியா அது பாட்டுக்கு ஒரு ஓரமாச் சாப்பிட்டுக்கும்” என்றார்.

ஆளுக்கொரு தட்டு! எனக்கு அக்காவின் மேல் அப்போது வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.  அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு அம்மா அலமாரியைத் திறந்து சஹனை எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, “இது அவளோட போகுதுங்க” என்றாள் அத்தாவிடம்.

“அவங்கதான் வேண்டாங்கறாங்களே?”

“நான் அவங்களுக்குக் கொடுக்கலீங்க. எம் மகளுக்குக் கொடுக்கறேன்.”

அத்தா வியாபாரி. பினாங்கில் தட்டு கிடைக்காதா, உடைந்து போனால் அந்தப் பெயர் நம் பெண்ணின் தலையில்தானே விழும், போகிற முதல் நாளே அவளுக்கு அப்படியொரு பேச்சு வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். எல்லாம் நியாயமான கேள்விகள். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “உடையாம அனுப்பறது எம் பொறுப்புங்க” என்று முடித்துவிட்டாள். அம்மா குரலை உயர்த்தாமல் பேசினால் அதற்கு மேல் வாதாடாமல் அத்தா கடைக்குப் போய்விடுவார்.

உடையாமல் அனுப்புவதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பேர் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, முட்டை வியாபாரி. மாரமங்கலம் பக்கத்து ஊர்களில் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, பெட்டியில் காப்பிக்கொட்டை உமியைப் பரப்பி, முட்டையைப் புதைத்து, பஸ் கூரையில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோவார். அடிவாரம் வரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு. மாமாவின் முட்டை உடைந்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்த மலையை இறங்கி ஏறிய பொருள் உலகத்தில் எங்கே போனாலும் உடையாது என்பது அவர் கட்சி.

“விடுங்கக்கா, நான் கட்டித் தர்றேன். முட்டையே போகுது, தட்டு போகாதா?” என்றார்.

சஹனை எடுப்பதற்கு முன்னால் பரீட்சை பார்த்துவிடலாம் என்று, கடையில் விற்காமல் கிடந்த பீங்கான் தட்டுகளைக் கள்ளிப்பெட்டி ஒன்றில் உமிக்குள் புதைத்தார். ஆணி அடித்து, கயிறு போட்டு, பஸ் கூரையில் ஏற்றி, அடிவாரம் போய்த் திரும்பி வந்தார். இறக்கும்போது பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. வளையல் கடைக்காரர் வருகிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்கிற சுபாவம் அவருக்கு இல்லை. “கடல்ல வளைவு ஏதுங்கக்கா? கப்பல் நேராப் போறது. இந்தப் பரீட்சை அதுக்குச் செல்லாதுங்க” என்றார்.

அம்மா உமியை முறத்தில் கொட்டி, துண்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் மேலாக உமி அப்படியே இருந்தது. உடைந்தவை எல்லாம் அடியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. முட்டைக்குக் கனமில்லை, வைத்த இடத்தில் இருக்கும். பீங்கான் ஒவ்வொரு வளைவுக்கும் உமியை விலக்கிக்கொண்டு இறங்கி, அடியில் போய் முட்டிக்கொண்டிருக்கிறது. இதை அம்மா எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். முட்டையையும் பீங்கானையும் ஒன்றாக நினைக்க எங்கள் மாமாவால்தான் முடியும்.

அந்த வாரத்தில் சீர் மெத்தை தைக்கப் பஞ்சு அடிப்பவர் சேலத்திலிருந்து வந்தார். வீடெல்லாம் இலவம்பஞ்சு பறந்தது. எல்லோரும் தும்மினோம். மெத்தை, தலையணை எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மூட்டைப் பஞ்சு மிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மாவுக்கு யோசனை வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை சாய்ந்து உட்காரப் பெண் வீட்டில் திண்டு ஒன்று தைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தச் சம்பந்தியும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மாப்பிள்ளைக்குத்தான் மரியாதைக் குறைவு.

அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். அக்கா புடவை எடுக்க அத்தாவோடு சேலம் போயிருந்தாள். நான் மட்டும் உள்ளே. முதலில் சஹனின் குழியில் பஞ்சை வைத்து அழுத்தி அழுத்தி, விரல் நுழைய இடமில்லாமல் நிரப்பினாள். பிறகு அதைக் கம்பளியில் சுற்றி, சுற்றியதைக் கீழே இறங்கிவிடாதபடி உள்துணியோடு சேர்த்து நாலு பக்கமும் தைத்து, திண்டின் நடுவில் கவிழ்த்து வைத்தாள். சுற்றிலும் பஞ்சு, மேலே பஞ்சு, கீழே பஞ்சு. மேலுக்குச் சிவப்புச் சாட்டின் உறை, ஓரத்தில் ஜரிகை. பார்த்தால் பாதுஷா உட்காரும் திண்டு மாதிரி இருந்தது.

“உக்காரு கண்ணு” என்றாள்.

நான் பயந்துகொண்டே உட்கார்ந்தேன். எழுந்து மறுபடி உட்காரச் சொன்னாள். குதிக்கச் சொன்னாள். என் வாழ்க்கையில் குதிக்கச் சொல்லி அம்மா கேட்டது அந்த ஒரு தடவைதான். குதித்தேன். அம்மா திண்டில் காதை வைத்துக் கேட்டாள். “உனக்குக் கனம் பத்தாது” என்று என்னை நிராகரித்துவிட்டாள்.

சஹனை எடுத்துவிட்டு வேறு தட்டை வைத்துப் பரீட்சை பார்க்கலாமே என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். “வேற தட்ட வெச்சுப் பாத்தா, அந்தத் தட்டு உடையாதுன்னுதான் தெரியும். இது உடையாதுன்னு எப்படி கண்ணு தெரியும்?” என்றாள். இன்றுவரை எனக்கு அதற்கு மறுப்புச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாமா முட்டைப் பெட்டிகளோடு சேலம் கிளம்பினார். அம்மா திண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “பஸ் சீட்டு நொம்பக் கட்டையா இருக்குது, இடுப்பு வலிக்குதுங்கறயே தம்பி. இதுல உக்காந்துட்டுப் போ. ஊட்டுல சும்மாதானே கெடக்குது” என்றாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தைத்த திண்டில் முதலில் தம்பியை உட்கார வைக்கிற அக்கா யாருக்குக் கிடைப்பாள்? லீவு நாள் என்பதால் என்னையும் கூட அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் என் காதில், “அவன் அதை எங்கயும் தூக்கிப் போடாம பாத்துக்க. வாயத் தொறந்தியோ, பாத்துக்க” என்றாள்.

மாமா எப்போதும் கடைசிச் சீட்டில்தான் உட்காருவார். அங்கிருந்து தலையை நீட்டினால் கூரை ஏணி தெரியும். பஸ்ஸிலேயே அதிகமாகத் தூக்கிப் போடுவதும் அந்தச் சீட்டைத்தான். வளைவு வரும்போதெல்லாம் மாமா எழுந்து, ஜன்னல் வழியாக மேலே பார்த்து, “பெட்டி பத்திரமுங்களா?” என்று கத்துவார். கிளீனர் பதில் சொன்னதும் தொப்பென்று உட்காருவார். அவர் பெரிய உடம்புக்காரர். ஒவ்வொரு தொப்புக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்து எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். முட்டையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டாரே, பாவம், தான் உட்கார்ந்திருந்ததைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போதுதான் சோதனை முற்றியது. அடிவாரத்தில், கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒருவர் ஏறினார். மாமாவைப் போல ஒன்றரை ஆள் இருப்பார். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். மாமாவுக்கு அவரிடம் மரியாதை. எஸ்டேட் உமி அவர் தயவில்தான் கிடைத்தது.

“ஏனுங்க ரைட்டர், கட்டைச் சீட்டுல எப்படிங்க உக்காருவீங்க? இந்தாங்க, இதுல உக்காருங்க” என்று திண்டை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார்.

நான் “மாமா!” என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறக்கக் கூடாதே, என்ன சொல்வது? “எலுமிச்சம்பழம்” என்றேன். ரைட்டர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இருபது வளைவும் அவர் அதில்தான் வந்தார். வலது வளைவுக்கு வலது பக்கம் சாய்ந்தார், இடது வளைவுக்கு இடது பக்கம் சாய்ந்தார், நடுவில் கடலை தின்றார். மலை ஏற ஏற எனக்குக் குளிரவில்லை, வியர்த்தது. இறங்கும்போது திண்டை இரண்டு தட்டுத் தட்டி, “நொம்ப சொகுசுங்க. எங்க வாங்குனீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவின் கண் முன்னாலேயே உறையைப் பிரித்தாள். பஞ்சைக் கிளறி, கம்பளித் தையலை அறுத்து, சஹனை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். விரலால் சுண்டினாள். கணீரென்று கேட்டது. நான் குதித்தேன், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

மாமா தட்டையும் திண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்கக்கா, இது மேலயா என்னைய உக்கார வெச்சீங்க?” என்றார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.  அவரோ நெஞ்சை நிமிர்த்தி, “அதான் உடையலை. எனக்கு உக்காரத் தெரியும்ங்க” என்றார். அன்றிலிருந்து அந்தத் திண்டு அவருடைய சாதனையாகிவிட்டது. ரைட்டரும் உட்கார்ந்தார் என்பதை அவர் கதையில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் பூ, முகத்தில் வெட்கம், முதுகுக்குப் பின்னால் எங்கள் சஹன். அம்மா அதைத் திரும்பப் பொதிந்து தைத்து வைத்திருந்தாள். சேதி அக்காவுக்கு மட்டும் சொல்லப்பட்டது. சம்பந்தியம்மா திண்டைத் தடவிப் பார்த்து, “வேலைப்பாடு நல்லாருக்குதுங்க, கொஞ்சம் கனம்தான்” என்றார். அம்மா, “பஞ்சு கூடப் போட்டுட்டேனுங்க” என்றாள். பொய் என்று சொல்ல முடியாது.

கப்பல் போயிற்று. அக்கா இல்லாத வீட்டில் எனக்குத் தனித்தட்டு வந்தது. கறித்துண்டு முழுதாக எனக்கே கிடைத்தது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அம்மாதான் சரியில்லை. எங்களுக்குப் போட்டுவிட்டு, தன் தட்டில் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டு, அதையும் பாதியில் மூடி வைத்துவிடுவாள். பினாங்கிலிருந்து மச்சான் கடிதம் எழுதினார். சுகம், மழை என்று வரும். தட்டைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. சம்பந்தி வீட்டார் பார்க்கும் கடிதத்தில் அதைக் கேட்டு எழுத அம்மாவுக்கும் தயக்கம்.

அம்மாவின் நோய் என்ன என்று நானும் மாமாவும் உடனே கண்டுபிடித்துவிட்டோம். தட்டுக் கவலை. மாமா வரும்போதெல்லாம் ஆறுதல் சொல்வார். “நான் உக்காந்து உடையாதது கப்பல்லயா உடையப் போகுது? சாப்பிடுங்கக்கா.” அம்மா தலையாட்டுவாள். சாப்பிட மாட்டாள்.

மழைக்காலம் முடிந்து காப்பி பழுத்த சமயத்தில், மச்சான் கடையில் வேலை பார்க்கிறவர் ஒருவர் லீவில் சேலம் வந்தார். அக்கா கொடுத்தனுப்பிய சோப்பும் தைலமும் எடுத்துக்கொண்டு மலைக்கு வந்து சேர்ந்தார். அத்தா கடையை விட்டுவிட்டு வந்தார், மாமா முட்டையை விட்டுவிட்டு வந்தார். அம்மா உள் கதவோரம் நின்றாள்.

“வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்தா, கடை ஆளுங்க எல்லாருக்கும் அங்கதானுங்க சோறு” என்றார் அவர். “நீலப் பூப்போட்ட சஹன்ல நாலு பேரா உக்காருவோம்ங்க. உங்க சம்பந்தியம்மா இருக்காங்களே, ‘எங்க மருமக திண்டுக்குள்ள வெச்சுக் கொண்டாந்தது, ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்’னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சவால் விடறாங்க.”

எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, “அது மேல உக்காந்தது நான்தானுங்க!” என்றார். “நானும்!” என்றேன். அத்தா, எப்போதும் கணக்காகப் பேசுகிற அத்தா, “எம் பொண்டாட்டி கைவேலைங்க” என்று ஒரு வெளியாளிடம் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

அம்மா மட்டும் தட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, “ஆம்பளைங்க எந்திரிச்சதுக்கப்புறம் எம் மக எப்படிங்க சாப்பிடுது?” என்றாள்.

வந்தவர் தலையைச் சொறிந்தார். “அது உள்ளுக்குள்ளங்க, நான் பாத்ததில்லை. சத்தம்தான் கேக்கும். சஹனைக் கழுவிப் பொம்பளைங்களுக்குச் சோறு போட்டதும் உங்க சம்பந்தியம்மா உங்க மகளை அதட்டுவாங்க. ‘ஏ புள்ள, அடுப்படியில என்ன பண்றே? எத்தனை நேரம் நாங்க கையக் கட்டிட்டு உக்காந்திருக்கறது? நீ வந்தாத்தானே கைய வைக்க முடியும்’னு கத்துவாங்க. கொஞ்சம் கோவக்காரங்கதானுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. என் அக்காவை அதட்டுவதற்கு அவர் யார்? அம்மா கேட்டுவிட்டு அழப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மகளை மாமியார் திட்டுகிறாள் என்று ஒருவர் கடல் தாண்டி வந்து சொல்ல, அதற்குச் சிரிக்கிற தாயை நான் எங்கும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் வந்தவரை உபசரித்து அனுப்பிய பிறகு அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். குழம்பு ஊற்றி மறுபடி சாப்பிட்டாள். பானையைச் சாய்த்து, அடியில் இருந்ததையும் வழித்துப் போட்டுக்கொண்டாள். நானும் மாமாவும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கீறல் இல்லைன்னு தெரிஞ்சதும் எப்படிச் சாப்பிடறாங்க பாரு கண்ணு” என்றார் மாமா.

ஆமாம் மாமா, என்றேன் நான்.